மலைமழையும் பாக் விரிகுடாவும்: புயல்காலக் கடலோட்டம் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

தேனி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் பாக் விரிகுடாவுக்குள் சேரும் ஆறுகளில் ஒன்று இங்கேதான் தொடங்குகிறது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே இறங்கும் முல்லையாறும் தேனிக்கு அருகே கூடுகின்றன. பிறகு வைகை அணை, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று கிழக்கே போய் இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது ஆறு. கண்மாய் நிறைந்து மிஞ்சுவது மட்டும் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடுகிறது. புயல் வீசும்போது அந்த விரிகுடாவின் நீர் எப்படி நகர்கிறது, அதை நம்மவரும் பிறரும் எப்படி அறிந்துவந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். மலையையும் கடலையும் தனித்தனியே படித்ததால் அந்த அறிவில் ஒரு பகுதி இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது என்பது என் துணிபு.

பாக் விரிகுடா ஆழம் மிகக் குறைந்த கடல். பெரும்பகுதியில் பத்து மீட்டர் அளவுதான். தெற்கே இராமேசுவரம் தீவும் இராமர் சேதுத் திட்டுகளும் மறித்து நிற்கின்றன. பாம்பன் கால்வாயும் திட்டுகளுக்கு நடுவிலுள்ள சில வாய்களுமே மன்னார் வளைகுடாவுக்குப் போகும் வழி. ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே இங்கே நீரை ஓட்டுவதில் காற்றுக்கே பெரும்பங்கு. ஆழ்கடலில் காற்றின் இழுப்பு மேல்மட்டத்தோடு தங்கிவிடும். தாம்பாளத்து நீர்போலக் கிடக்கும் இந்த விரிகுடாவில் அது அடிமணலையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். ஐம்பது மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். அதற்கு மேல் உயர்வதெல்லாம் பெரும்பாலும் காற்று தள்ளிக் குவித்த நீர். கடல் ஆழமற்றதாக இருந்தால் அந்தக் குவியல் இன்னும் உயரும்.

இதை முதலில் அறிந்தவர்கள் மீனவர்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு, அதை வைத்தே வலை இறக்கும் திசையை முடிவு செய்தார்கள். வாடைக்காலத்தில் வங்கக்கடல் நீர் வடக்கிலிருந்து புகுந்து பாம்பன் வழியே தெற்கே ஓடும். கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா நீர் வடக்கே ஏறும். இராமேசுவரத்தில் தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். வாடையில் பெண்கடலும் சீறும். ஆடி மாதத்தில் மலை இடுக்குகளைத் தாண்டி இறங்கி, உத்தமபாளையம், ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் கடலில் கச்சானாக வீசும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, கிழக்கே வெறும் வேகமாக வருகிறது.

அறிவியல் ஆய்வு முத்துக்குளிப்பின் வழியாக வந்தது. 1902இல் விலங்கியலாளர்கள் வில்லியம் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் இருவரும் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஆராய்ந்தனர். பெரிய பார் என்னும் திட்டில் இளஞ்சிப்பிகள் திரளாகப் படிவதும், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தில் அடிமணல் புரண்டு அவை அழிவதும் அவர்கள் கண்ட முக்கியச் செய்தி. அன்றைய அரசின் கவலை முத்து வருமானத்தைப் பற்றியது. எனினும் வானிலை கடலின் தரையையே நகர்த்துகிறது என்ற உண்மை அந்த அறிக்கைகளில் பதிவாகிவிட்டது. 1947இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விரைவில் மண்டபத்தில் ஊன்றியது. இரு கடல்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம் அது. மண்டபம் கரையோர நீரின் உப்பளவு, உயிர்வளி, உணவு உப்புகள் பருவந்தோறும் மாறுவதை ஆர். ஜெயராமன் 1954இல் கட்டுரையாக வெளியிட்டார். மீனவர் வாய்மொழியாகச் சொல்லிவந்த பருவ மாற்றத்துக்கு எண்களால் ஆன சான்று கிடைத்தது.

பத்தாண்டு கழித்து வந்தது 1964 டிசம்பர் புயல். 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பகுதியைக் கடந்த அது, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. கடல் ஏழு மீட்டர் அளவுக்கு எழுந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு மூழ்கியது. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் கர்டர்கள் போயின. இந்தப் பேரழிவை ஊரின் துயரமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம், அது சரியே. ஆனால் நீரியல் நோக்கில் அந்தப் பாலம் நிற்கும் இடம் எது? இரு கடல்களும் நீரை மாற்றிக்கொள்ளும் குறுகிய வாய். மாதக்கணக்கில் மெல்ல நடக்கும் பரிமாற்றத்தைப் புயல் ஓர் இரவில் அந்த வாயில் திணித்திருக்க வேண்டும்.

நம் அரைக்கோளத்தில் புயல்காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. எனவே புயல் விரிகுடாவுக்குத் தெற்கே போனால் கிழக்குக் காற்று நீரைத் தமிழகக் கரையில் குவிக்கும். வடக்கே போனால் மேற்குக் காற்று கரையோர நீரைத் தள்ளிக்கொண்டு போகும்; கடல் உள்வாங்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தது. அங்கே சில கடற்கரைகளில் கடல்சேறு ஏறிக் கிடந்தது. பிறகு வலுவிழந்து, திண்டுக்கல் பக்கமாக மேற்கே நகர்ந்து, மலையைத் தாண்டி அரபிக்கடலுக்குப் போனது. கடலில் காற்றாக வேலை செய்த அதே புயல் சில மணி நேரத்தில் மலையில் மழையாயிற்று. 2020 டிசம்பரில் புரெவி வேறுவிதம். திருகோணமலைக்கு அருகே இலங்கைக்குள் நுழைந்து, இராமநாதபுரம் கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, நகராமல் நெடுநேரம் நின்றது. வேகமாகக் கடக்கும் புயல் நீரை ஒருமுறை தள்ளிவிட்டுப் போகும். நின்றுவிடும் புயலோ மணிக்கணக்கில் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

காற்று நீரைத் தள்ளும் இந்த வேலையை வேறொரு கடலோடு ஒப்பிடலாம். மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில் குளிர்காலத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை குளிர்காற்று முகப்புகள் கடக்கின்றன. முகப்பு வருமுன் தெற்குக் காற்று கழிமுகங்களுக்குள் நீரை ஏற்றும். கடந்தபின் வடக்குக் காற்று அதை வெளியே தள்ளும். அங்கே உப்பளவும் வண்டலும் இந்த ஏற்றிறக்கத்தால் மாறுவதை ஆய்வாளர்கள் விரிவாக அளந்திருக்கிறார்கள். நம் வெப்பமண்டலத்தில் அத்தகைய முகப்புகள் இல்லை. அந்த வேலையைப் பருவக்காற்றின் திசை மாற்றமும் இடையிடையே வரும் புயலும் செய்கின்றன.

இனி ஆறு. 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாறு அணை, மேற்கே போன நீரைச் சுரங்க வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பியது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னி குவிக்கின் பெயரை இன்றும் இங்குள்ள வீடுகளில் பக்தியோடு சொல்கிறார்கள். 1959இல் வைகை அணை வந்தது. திருப்பிய நீர் வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் போவதால் சாதாரண ஆண்டில் விரிகுடாவுக்கு வைகை கொடுப்பது சொற்பம். வெள்ள காலத்தில்தான் நன்னீரும் வண்டலும் ஒருசேரக் கடலில் இறங்குகின்றன. புயலால் கலங்கிய கடலில் அவை எத்திசையில் பரவுகின்றன என்பது பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் முக்கியமான கேள்வி.

2005 ஜூலை 2 அன்று, இந்தக் கடலில் கப்பல் கால்வாய் தோண்டும் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியபோது இக்கேள்விகள் பொதுவெளிக்கு வந்திருக்க வேண்டும். சுனாமி ஆய்வாளர் தாட் மூர்த்தி கால்வாயின் தடத்தைப் பற்றி எச்சரித்தார். தோண்டிய தடத்தைப் புயல் எவ்வளவு வேகமாகத் தூர்க்கும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 2007இல் திட்டத்துக்கு எதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் போனபின் இராமர் சேது பற்றிய நம்பிக்கையும் அரசியலுமே பேச்சாயின. நீரோட்டம் பின்னே தள்ளப்பட்டது. அது நமக்கு நேர்ந்த இழப்பு என்றே கருதுகிறேன்.

பெரியாறு, வைகை அணைகளின் அன்றாட நீர்மட்டமும் பாம்பனின் காற்று, அழுத்தக் கணக்கும் வெவ்வேறு துறைகளின் ஏடுகளில் இருக்கின்றன. பெரிய கண்மாய் மறுகால் பாய்ந்த நாட்களை அவற்றோடு பொருத்தி, ஆற்றங்கரை முகத்தில் உப்பளவை அளந்து வந்தால் மலைமழைக்கும் கடலோட்டத்துக்கும் உள்ள கால இடைவெளி தெரியவரும். அதற்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய நாட்கள் 2018 நவம்பர் 16ஐ அடுத்த வாரமும், 2020 டிசம்பர் முதல் வாரமும்.