பொதிகையின் கடைசி ஊர்

சென்னைக்குப் போய்வர நம்மில் பலருக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ்தான். பெட்டியின் பக்கவாட்டில் 'செங்கோட்டை' என்று எழுதியிருக்கும். விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ மூட்டை முடிச்சுகளோடு இறங்கிவிடுவதால், அந்த ஊர் நமக்கு வெறும் போர்டாகவே நின்றுவிடுகிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி. அதைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் போனால் செங்கோட்டை. 1956 வரை அந்த எட்டு கிலோமீட்டருக்குள் ஒரு எல்லை இருந்தது. தென்காசி சென்னை மாகாணம்; செங்கோட்டை திருவிதாங்கூர்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டிய ராஜ்யம் இந்தப் பக்கம் எப்படி வந்தது என்று கேட்கலாம். ஆரியங்காவுக் கணவாய்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கொல்லத்திலிருந்து பாண்டி நாட்டுக்கு வரும் வழி அது. கணவாயைக் கையில் வைத்திருப்பவனுக்கு அதன் வாயில் உள்ள ஊரும் வேண்டும். அதனால் செங்கோட்டை தாலுகா மலை தாண்டியுள்ள கொல்லத்தோடு சேர்ந்திருந்தது. திருவிதாங்கூருக்குத் தனி நாணயம் உண்டு. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். தபாலுக்கும் 'அஞ்சல்' என்று தனித் துறை இருந்தது. தென்காசிச் சந்தைக்குப் போய் வருகிறவர் இரண்டு கணக்கும் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் வேடிக்கையான செய்திகள். வேடிக்கையில்லாத ஒன்றும் உண்டு. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். அரசின் பொறுப்பிலிருந்த கோயில்களில் எல்லா இந்துக்களும் நுழையலாம் என்று ஆனது. சென்னை மாகாணத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-இல்தான். சட்டம் அதற்குப் பிறகு வந்தது. இடைப்பட்ட இரண்டரை வருஷங்களுக்கு மேல், எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவனுக்குச் சட்டப்படி கோயிலுக்குள் போகும் உரிமை உண்டு. ஒரு நடை தூரத்தில் இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு இல்லை. எல்லைக்கோடு என்பது வரைபடத்தில் மட்டும் இருக்கும் சங்கதி இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் திருவிதாங்கூர் வனத்துறையில், மலைக்கு அப்பாலுள்ள புனலூரில் வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. திருவிதாங்கூர் பிரஜை ஒருவர் 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் பிரிட்டிஷ் கலெக்டர் ஆஷைச் சுட்டார். நாடக மேடையைக் கட்டியாண்ட எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயரில் உள்ள 'எஸ்'ஸும் இந்த ஊர்தான்.

புனலூர் – செங்கோட்டை மலை ரயில் 1904-இல் வந்தது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலத்தின் மேல் அது ஊர்ந்து போகும். நம் ஊர் வழியாக விருதுநகர் – தென்காசிப் பாதை போடப்பட்டது 1927-இல். அதாவது மலைக்கு ரயில் வந்து இருபத்துமூன்று வருஷம் கழித்துத்தான் நமக்கு வந்தது. மலைப்பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-இல் மூடினார்கள். திரும்ப முழுதாக ஓட ஆரம்பித்தது 2018-இல்.

சுதந்திரத்துக்குப் பிறகு மொழிவழி மாநிலப் பேச்சு எழுந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் முன்னணித் தலைவர். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பசல் அலி தலைமையிலான கமிஷன் 1955-இல் அறிக்கை கொடுத்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, இவற்றோடு செங்கோட்டை. மற்ற நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. தனியே கிடந்த செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1-இல் மாற்றம் நடந்தது. கேரளத்தில் அது மாநிலம் பிறந்த நாள். இங்கே எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைக்கும் நாள். இப்போது செங்கோட்டை, 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

மொழியை வைத்துக் கோடு போடுவது சுலபமான வேலை இல்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வாழும் ராஜபாளையத்துக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து போன பி.எஸ். குமாரசாமி ராஜாதான் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர்.

கோடு கடைசியில் மலை மேல் போய் நின்றது. புளியரை இந்தப் பக்கம், ஆரியங்காவு அந்தப் பக்கம். நெல் விளையும் வயல் இங்கே வந்தது. அதை வாங்கிச் சாப்பிட்ட சந்தை அங்கே நின்றுவிட்டது. புளியரைச் சோதனைச் சாவடியில் ரேஷன் அரிசி பிடிபட்ட செய்தியை இன்றும் பேப்பரில் பார்க்கிறோம். தண்ணீர் விஷயம் இன்னும் கஷ்டம். சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிய செண்பகவல்லி அணை மலை மேல் கேரள எல்லைக்குள் உடைந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சிவகிரி நமக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாமிகள் மட்டும் 1956-ஐக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. மார்கழியில் ஆரியங்காவு சாஸ்தாவுக்கும் புஷ்கலா தேவிக்கும் கல்யாணம் நடக்கும். புஷ்கலா சௌராஷ்டிரப் பெண் என்பது ஐதீகம். அதனால் மதுரை சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு போகிறார்கள். கேரள தேவஸ்வம் மாப்பிள்ளை வீட்டாராக நின்று வரவேற்கிறது. அதே மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து கிளம்பும். புனலூரும் கேரளம், அச்சன்கோவிலும் கேரளம். ஆனால் பெட்டி வரும் பழைய வழி ஆரியங்காவு இறங்கி, செங்கோட்டை, தென்காசி, பண்பொழி, மேக்கரை என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றித்தான் மறுபடி மலை ஏறும். போலீஸ் காவலோடு வரும் அந்தப் பெட்டியைத் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் கூட்டம் காத்திருந்து வரவேற்கும். பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழி முதல் வாரத்தில் ரயில் டிக்கெட்டைத் தென்காசி வரை எடுத்துக்கொள்ளலாம்.