கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் பிள்ளைகளின் வயதுக் கணக்கும்

வெளிநாட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளையைப் பெற்றோர் வரவழைத்துக்கொள்ள மலாயாவிலும், பின்னர் மலேசியாவிலும் தனி விசா வரிசை எதுவும் இருந்ததில்லை. அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 21 வயது கடந்த பிள்ளைகளுக்கும் இடம் ஒதுக்கியது. ஆனால் ஆண்டு ஒதுக்கீடு குறைவு, ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பும் இப்போது உண்டு. ஆகவே அங்கே வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. மலாயாவில் நடந்தது வேறு. சட்டம் ஒரு வயதைக் குறித்துவிடும். அதைத் தாண்டிய பிள்ளைக்கு வழி அடைபட்டுவிடும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளிவந்த தமிழ்க் குடும்பங்களை இந்த வயதுக் கோடுகள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகப் பிரித்தன.

கேமரன் மலைக்குப் பெயர் தந்தவர் 1885இல் அப்பகுதியை அளந்த நிலஅளவையாளர் வில்லியம் கேமரன். அதன்பின் 40 ஆண்டுகள் மலையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1925இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபிறகே மலைவாசத்தலமாகவும் விவசாய நிலமாகவும் அதை வளர்க்கும் திட்டம் சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் குழுமத்தின் தோட்டம் வந்தது. புளூ வேலி, சுங்கை பாலாஸ், ஃபேர்லி என்று தோட்டங்கள் பெருகின. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் வளைவுச் சாலை 1930களின் தொடக்கத்தில் திறந்தது. காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களைப் போலவே இங்கும் அந்த ஆட்கள் பெரும்பாலும் தமிழர்கள்.

அந்தக் காலத்தில் குடும்பத்தை அழைத்துவரக் காத்திருப்பு என்ற ஒன்றே கிடையாது. சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை 1910இல் ஒழிந்தபின் கங்காணி முறையே ஆள்சேர்ப்பின் முதுகெலும்பு. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் போய்ச் சொந்தபந்தங்களைச் சேர்த்து வருவார். கப்பல் கட்டணம் இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து வந்தது. தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று கட்டிய பணம் அது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் தங்கி, கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தனிமை முகாமில் சில நாள் கழித்து இறங்கினால் வேலை உறுதி. பிள்ளைகள் சுமை என்று எந்தத் துரையும் நினைக்கவில்லை. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவருக்கு ஒரு கூலி என்று விகிதம் இருந்தது. களை பிடுங்கவும் கூடை தூக்கவும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை போதும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் விதித்ததும் பிள்ளைகள் அங்கே நிறைய இருந்ததால்தான். வளர்ந்த மகன் வருவதைக் குடும்ப இணைப்பு என்று அன்று யாரும் பெயரிட்டுப் பேசவில்லை. இன்னொரு கைக்கு வேலை, அவ்வளவுதான்.

போவதும் வருவதுமாக இருந்த இந்த ஓட்டம் ஒரு வழக்கத்தை உண்டாக்கியது. பின்னால் சிக்கல் அங்கிருந்துதான் முளைத்தது. தலைப்பிரசவத்துக்கு மனைவி ஊருக்குப் போவாள். பிள்ளை ஆத்தாவிடம் வளரும். ஐந்தாறு வயதுக்குமேல் அப்பனிடம் வரும். மூத்தவன் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இளையவன் தோட்டத்தில் இருப்பான். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் மலாயாவைத் தாக்கியபோது ஆள்சேர்ப்பு நின்றது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் அரசுச் செலவில் ஊர் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் அழைப்பு வந்தது. இப்படி விரட்டி அழைத்த முறையில் குடும்பம் இரண்டு கரையிலும் சிதறிக் கிடப்பதே இயல்பாயிற்று.

முதல் தடை வந்தது மலாயாவிலிருந்து அல்ல. கூலிக் குறைப்பைக் கண்டித்து இந்திய அரசு 1938 ஜூன் 15 முதல் மலாயாவுக்கான உதவி பெற்ற குடிபெயர்வைத் தடை செய்தது. தொழிலாளரின் நலனுக்காக எடுத்த முடிவுதான். ஆனால் மனைவி மக்களை அழைத்துவரப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இலவசக் கப்பல் கட்டணம் அன்றோடு போயிற்று. பின்னாலேயே ஜப்பானியர் ஆட்சியும் சயாம் மரண ரயில்பாதையும் வந்தன. 1945க்குப் பிறகு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களில் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து மனைவி மக்கள் வந்து சேர்ந்தார்கள்.

மலாயா தன் கதவை மூடியது 1953 ஆகஸ்ட் 1இல், குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. படித்த தொழில்வல்லுநருக்கும் உயர்ந்த சம்பள ஒப்பந்தம் உள்ளவருக்கும் அனுமதி. கூலித் தொழிலாளிக்கு இல்லை. ஏற்கெனவே இங்கு வாழ்பவரின் மனைவி மக்களுக்கு மட்டும் வழி திறந்திருந்தது. எனவே 1953க்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத்து வருகையில் பெரும்பகுதி குடும்பத்தின் பேரிலேயே நடந்தது. அதிகாரிகளின் கண்ணை உறுத்தியதும் அதுதான். மகன் என்ற பெயரில் வருபவன் மறுவாரமே வேலைக்குப் போகிறான் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் மகன் வந்து அப்பனோடு வேலைக்குப் போவதைத்தானே முப்பது ஆண்டுகளாகத் தோட்டங்கள் ஊக்குவித்திருந்தன?

1959இல் சட்டம் இறுகியது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கணவனைப் பிரிந்திருந்த மனைவிக்கும், ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் நுழைவு மறுக்கப்பட்டது. உள்நாட்டவரின் வேலையைக் காப்பதும், ஒன்றிணைந்த மலாயச் சமுதாயத்தை உருவாக்குவதும் நோக்கம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. சின்ன வயதில் வரும் பிள்ளை இந்நாட்டுப் பள்ளியில் படித்து இந்நாட்டவனாக வளரும் என்ற கணக்கு. மேலே சொன்ன தோட்டத்து வழக்கத்தின் அடிமடியில் இது கைவைத்தது. ஆத்தாவிடம் ஐந்து வயதுவரை வளர்ந்து பிறகு வரும் பிள்ளைக்கு இனி மாதக்கணக்கில்தான் அவகாசம். கடிதம் போட்டுப் பணம் அனுப்பி, கடவுச்சீட்டு வாங்கி, கப்பலுக்கு நாள் பார்ப்பதற்குள் ஆறு முடிந்துவிடும். கிராமத்தில் பிறந்த பிள்ளைக்கு வயதை எதை வைத்து மெய்ப்பிப்பது என்பது அடுத்த தொல்லை. பிறப்பைப் பதியாத வீடுகளில் ஜாதகம் இருக்கும், சான்றிதழ் இருக்காது. பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கோ, வளர்ந்த மகனுக்கோ எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் குடும்ப வழியில் இடமில்லை.

நுழைவு அடைபட்டபின் முழுப் பாரமும் குடியுரிமைமேல் விழுந்தது. அரசியல் சட்டம் அங்கும் தேதிகளையும் வயதுகளையும் வரிசையாக வைத்திருக்கிறது. 1936இல் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியுரிமை எடுக்காமலே இருந்த ஒரு தொழிலாளிக்கு, ஒரே தோட்டத்து லயத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். மூத்தவன் 1950இல் பிறந்தவன். 1957 ஆகஸ்ட் 31க்கு முன் பிறந்ததால் அவன் தானாகக் குடிமகன் ஆகமாட்டான். 18 வயதானபின் 16ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்ய வேண்டும். முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டு நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும், அடிப்படை மலாய் தெரிந்திருக்க வேண்டும். 1958இல் பிறந்த நடுமகள் எந்த மனுவும் இல்லாமல் பிறப்பாலேயே குடிமகள். 1964இல் பிறந்த கடைக்குட்டிக்கு விதி மாறிவிட்டது. 1962 செப்டம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது, அது பிறந்த நேரத்தில் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். அல்லது அப்பிள்ளை பிறக்கையில் வேறெந்த நாட்டின் குடியுரிமையும் பெற்றிருக்கக் கூடாது. அப்பனின் நிரந்தரவாசத்துக்கு ஆதாரம் இருந்தால் பிள்ளைக்குக் குடிமக்களுக்கான நீல அடையாளக் கார்டு, இல்லையென்றால் அலைச்சல். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு மூன்று விதமான சட்டநிலை.

மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியும் 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமும் குடியுரிமைக்கு மனுச் செய்யுங்கள் என்று வலியுறுத்தின. ஆயினும் பலர் செய்யவில்லை. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாளக் கார்டு கையில் இருந்தது, வேலை இருந்தது, ஊரில் கொஞ்சம் நிலமும் இருந்தது. எந்த அரசாங்கம் வந்தாலும் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும் என்ற நம்பிக்கை வேறு. அந்த நம்பிக்கையை உடைத்தது 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1969 முதல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. பெர்மிட் கிடைக்காமலும், கிடைக்காது என்ற அச்சத்திலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாடு திரும்பினார்கள். குடும்பம் இம்முறை எதிர்த்திசையில் பிளந்தது. மேற்சொன்ன குடும்பத்து அப்பன் கப்பலேறினால், குடிமகளான 11 வயது நடுமகளும் கூடவே போவாள். மூத்தவன் மனுப் போடாமல் போயிருந்தால் ஐந்தாண்டு வசிப்பு என்ற தகுதியை ஊரில் இருந்தபடியே இழப்பான். நடுமகள் திரும்பிவர நினைக்கும் நாளில் அவளிடம் மலாயாவில் எடுத்த பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியிருந்தால் மலேசியக் குடியுரிமையே பறிபோகக்கூடும்.

தங்கிவிட்டவர்களின் வாரிசுகளுக்கு முக்கியமான எண் 21. குடிமகனின் பிள்ளை 21 வயதுக்குள் இருந்தால் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவின்படி பெற்றோர் மனுச் செய்யலாம். சிறப்புச் சூழ்நிலையில் 21 வயதுக்குட்பட்ட யாரையும் குடிமகனாகப் பதிய 15ஏ பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்துவந்தது. மனு முடிவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் காரணம் சொல்லப்படாமலே மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 15 வயதில் போட்ட மனு நிராகரிக்கப்பட்டு, மறு மனு போடுவதற்குள் 21 கடந்தால் எஞ்சுவது 19ஆம் பிரிவு: 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டு வசிப்பு, போதிய மலாய் அறிவு, அமைச்சரின் திருப்தி. வரிசையில் நிற்கும்போதே வயது ஏறிப் பிள்ளை தகுதி இழக்கும் கொடுமைக்கு அமெரிக்கா 2002இல் ஒரு தனிச்சட்டம் போட்டு ஓரளவு பரிகாரம் தேடியது. மலேசியாவில் அப்படி ஒன்று வரவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் இந்தச் சிக்கலில் கூடுதலாக மாட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம். வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவம். தோட்டத்து டிரசரோ (மருத்துவ உதவியாளர்) கிராணியோ (எழுத்தர்) எழுதிக் கொடுத்தால்தான் பதிவு. கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது என்றிருந்த காலம் 1982 மார்ச் 1இல் முடிந்தது. அன்று நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் பார்வையில் தாயின் வழியையே பின்பற்றும். தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தாலும், தாயிடம் எந்த ஆவணமும் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. நாலு தலைமுறையாக அதே மலையில் இருக்கிறோம் என்பது பதிவு இலாகாவின் முகப்பில் ஆதாரமாகாது.

2011 பிப்ரவரியில் நடந்த மைடஃப்தார் பதிவு இயக்கம் இத்தகையவர்களை வெளியே கொண்டுவர முயன்றது. ஆவணமற்ற இந்தியர் எத்தனை பேர் என்பதில் அரசின் எண்ணும் அமைப்புகள் சொன்ன எண்ணும் அருகருகே வைக்க முடியாத அளவுக்கு விலகி நின்றன. 2018இல் ஆட்சி மாறியபின், சிவப்புக் கார்டு வைத்திருக்கும் 60 வயது கடந்த இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். முதியவருக்கென்று வயது வரம்பு வைத்த அரிய சலுகை அது.

இதற்கிடையில் தோட்டங்களில் ஆட்கள் மாறிவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைகளுக்கும், ஈப்போ, கோலாலம்பூர் வேலைகளுக்கும் இறங்கிப் போனார்கள். மலைச்சரிவில் இன்று வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா நாட்டுத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். அவர்களுடைய தற்காலிக வேலை அனுமதி 18 வயதுக்குமேல் 45க்குள் வருபவருக்கானது. குடும்பத்தை அழைத்துவர முடியாது, இங்கே திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. கங்காணி காலத்து முதலாளிகள் பிள்ளைகளோடு வரச்சொன்ன அதே வேலைக்கு இப்போது பிள்ளையே தடை.

2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தம் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு, தகப்பன்மாருக்கு இருந்த உரிமையை அது தந்தது. நீண்டநாள் கோரிக்கை அது. அதே திருத்தம் 15ஏ பிரிவின் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் நிரந்தரவாச நிலையை வைத்துத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையையும் நீக்கியது. 1962 முதல் சிவப்புக் கார்டுத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் நம்பியிருந்த ஏற்பாடு அதுவே. புதிய விதியின்படி, பதியாத திருமணத்தில் சிவப்புக் கார்டுத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை, தகப்பன் குடிமகனாக இருந்தாலும், மனுப் போட்டே ஆகவேண்டும். அந்த மனுவுக்கான அவகாசம் பழையதைவிட மூன்று ஆண்டு குறைவு.