பனியென்று கருதப்பட்ட கல்

வெண்ணிறக் கற்கள் எல்லாம் ஓரினத்தன அல்ல. கோலாலம்பூருக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் பத்துமலை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. வடகிழக்கே, கிள்ளான் கேட்ஸ் நீர்த்தேக்கத்தை அடுத்து நீண்டு கிடக்கும் குன்றுத்தொடரோ படிகக்கல்லால் ஆனது. அறிவியலார் குவார்ட்ஸ் என்றும், தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் வெங்கச்சங்கல் என்றும் வழங்குவது இதுவே. இவ்விருவகைப் பாறையிலும் காணப்படும் வெண்ணிறத் துண்டுகளை அருகருகே வைத்தால் கண் மயங்கும்.

கண்ணை மட்டும் நம்பிய மயக்கம் மிகப் பழைமையானது. பண்டைக் கிரேக்கர், தெளிந்த படிகத்திற்குப் பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லையே பெயராக இட்டனர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, கடுங்குளிரால் இறுகிய நீரே படிகம் என்று எழுதினார். பனி மூடிய ஆல்ப்ஸ் மலையில் அது கிடைத்தமை அவர் கூற்றுக்கு அரணாயிற்று. சான்றோர் வாக்கு என்பதனால் அக்கருத்து பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேலும் வாழ்ந்தது.

1646இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன் அதனை மறுத்தார். பனிக்கட்டி நீரில் மிதக்கும், படிகமோ மூழ்கும். இவ்வெளிய உண்மையும் அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. 1669இல் டென்மார்க்கு நாட்டறிஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோ, படிகம் சிறிதாயினும் பெரிதாயினும் அதன் ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறுவதில்லை எனக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியர் பிரெடரிக் மோஸ், கனிமங்களின் கடினத்தைப் பத்துப் படிகளாக வகுத்தார். அவ்வரிசையில் சுண்ணாம்புப் பாறையின் கனிமமாகிய கால்சைட்டு 3ஆம் படியிலும், படிகக்கல் 7ஆம் படியிலும் அமைந்தன.

இதனால் ஐயம் நீங்கியது. எஃகுக் கத்தி கால்சைட்டைக் கீறும், படிகக்கல்லைக் கீறாது. படிகக்கல் கண்ணாடியையே கீறிவிடும். நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி பட்டால் கால்சைட்டு நுரைக்கும். படிகக்கல் வாளா கிடக்கும். சிலிக்கனும் ஆக்சிசனும் இணைந்த இக்கனிமம் தூய்மையானபோது நிறமற்றது. உள்ளே சிறைப்பட்ட நுண்ணிய நீர்த்துளிகளும் காற்றுக்குமிழ்களும் ஒளியைச் சிதறச் செய்வதாலேயே பால்போல் வெளுத்துத் தோன்றுகிறது.

பிளினி அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர் சொல்லைச் சோதியாமல் ஏற்றுக்கொண்டவர் பலர் என்பதே வரலாறு தரும் பாடம். நூலிற் கண்டதை ஒப்புவிக்கும் மாணவனினும், கையிலுள்ள கல்லைக் கண்ணாடித் துண்டில் கீறிப் பார்க்கும் மாணவனே பிரௌன் வகுத்த வழியில் நடப்பவன். அவனுக்கு வேண்டுவது பெரிய ஆய்வுக்கூடம் அன்று. சோதித்துப் பார்க்க இசைவு தரும் ஆசிரியர் ஒருவரே.