ஒளிரும் பொருளும் நுணுக்குக்காட்டியும்

ஊதாக்கடந்த கதிரைப் பயன்படுத்தினால் நுணுக்குக்காட்டி மேலும் நுண்ணியவற்றைக் காட்டும் எனக் கருதினார் ஒகஸ்ற் கோலர். சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுக்குமாதலின், யேர்மனியின் யேனா நகரிலே, படிகக்கல் வில்லைகளைக் கொண்டு அத்தகைய கருவியை 1904ஆம் ஆண்டில் அமைத்தார். ஆயின், கதிர் பட்ட பொருள்கள் சில தாமே ஒளி வீசின! அஃது அவருக்கு இடையூறாயிற்று.

அவ்வொளியையே நோக்குதற்கென வியன்னாவில் ஒஸ்கார் ஹைம்ஸ்டெற் என்பார் 1911இல் வேறொரு கருவி சமைத்தார். பின்னர், அமெரிக்காவிலே அல்பேட் கூன்சும் தோழரும், குறித்த கிருமியை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தனர். 1942இல், இழையங்களில் மறைந்திருந்த நியுமோனியாக் கிருமியின் கூறுகளைக் கண்டனர். கோலர் இடையூறெனக் கொண்ட ஒளியே இன்று மருத்துவ ஆய்வுகூடங்களில் நோயறிய உதவுகின்றது.