யூபாரி: ஒரு சுரங்க நகரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

யப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவில், மலைகளிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்தது யூபாரி. 1888இல் அங்கு நிலக்கரிப் படிவு கண்டறியப்பட்டது. 1890இல் சுரங்கம் தோண்டப்பெற்றது. உருக்காலைகளுக்கு வேண்டிய உயர்தரக் கரியை வழங்கியமையால் நகர் விரைந்து வளர்ந்தது. 1960இல் அதன் மக்கள் தொகை ஓரிலட்சத்தைத் தாண்டியிருந்தது.

கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தமையும், இறக்குமதிக் கரி மலிவாகக் கிடைத்தமையும் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடச் செய்தன. 1981 ஒக்டோபரில் புதிய சுரங்கமொன்றில் வாயு பீறிட்டுத் தீ மூண்டது. உள்ளே சிக்கியோர் பலரின் கதி அறியப்படாத நிலையிலேயே தீயை அணைக்க நீர் பாய்ச்சப்பட்டது. மாண்டோர் 93 பேர். 1990இல் இறுதிச் சுரங்கமும் மூடப்பட்டது.

கம்பனிகள் அகன்றன, அவற்றின் குடியிருப்புகளும் மருத்துவமனையும் நகரசபையின் பொறுப்பாயின. உல்லாசப் பயணத் துறையை நம்பிய நகரசபை பெருங்கடன் பட்டது. 2007இல், சுமார் 35 பில்லியன் யென் கடனுடன், நகரின் நிதி அரசின் கண்காணிப்புக்கு உட்பட்டது. ஊழியர் குறைக்கப்பட்டனர், ஆரம்பப் பாடசாலைகள் யாவும் ஒன்றாக்கப்பட்டன. 2020இல் எஞ்சியிருந்தோர் 8,000 பேருக்கும் குறைவு.

யூபாரி நாட்டுக்கு ஈந்தது கரியை மட்டுமன்று, உயிர்களையுமாம். வளத்தின் பயனை நாடு முழுவதும் நுகர்ந்தது. வளம் கைவிடப்பட்டபின் எழுந்த சுமையோ பெரும்பாலும் அங்கு எஞ்சியோர் மீதே சுமத்தப்பட்டது.