துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு தூதர்: மலாயாவில் இந்திய ஏஜெண்ட், 1923–1947

சிரம்பானை ஒட்டிய தெமியாங் முதலான நெகிரி செம்பிலான் வட்டாரங்களில், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் குறை வெள்ளைக்காரத் துரையின் காதுக்குப் போக இரண்டு வாய்களைக் கடந்தாக வேண்டும்: ஒன்று ஆள்சேர்த்து வேலை வாங்கும் கங்காணி, மற்றது தோட்டத்து எழுத்தரான கிராணி. இருவரும் தோட்டத்துச் சம்பளக்காரர்கள். சொன்னது ஒன்றும் போய்ச் சேர்ந்தது வேறொன்றுமாக இருந்தால் கேட்க ஆளில்லை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இந்த இடைவெளிக்குள் மூன்றாமவர் ஒருவரைக் கொண்டுவந்தது. கோலாலம்பூரில் அலுவலகம் வைத்து, தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பிய இந்திய அரசின் ஏஜெண்ட் அவர்.

அவர் எந்த நாட்டின் தூதர்? அவரை அனுப்பிய டில்லியும் அவர் வாதாடிய கோலாலம்பூரும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. ஆகவே அவர் கோரலாம், பரிந்துரைக்கலாம், மிரட்ட முடியாது. ஆனால் அவருக்குப் பின்னால் ஓர் ஆயுதம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறும் கூலியாட்களை இந்திய அரசு நினைத்தால் நிறுத்திவிடலாம். தோட்ட முதலாளிகள் அவருடைய பேச்சுக்குச் செவிசாய்த்தது, என் கணிப்பில், பெரும்பாலும் இதனால்தான்.

சம்பள வரலாறே இதற்குச் சான்று. 1928இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று தரச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தில் ஆள் தேவை போனதும் அது ஏறக்குறையப் பாதிக்கு இறங்கியது. ஏஜெண்டால் தடுக்க முடியவில்லை. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் விசாரிக்க வந்த சீனிவாச சாஸ்திரி, பழைய சம்பளத்தைத் திரும்பத் தரவும் கங்காணி வழி ஆள்சேர்ப்பை ஒழிக்கவும் சொன்னார். ஆனால் பயணச் செலவு கொடுத்து ஆட்களைக் கொண்டுவரும் உதவிபெற்ற குடிபெயர்வை நிறுத்தத் தேவையில்லை என்றார். அந்த மென்மை அன்றே கண்டனத்துக்கு ஆளானது. பழைய நிலைக்குத் திரும்பியிருந்த சம்பளம் 1938இல் 45, 35 காசாகக் குறைக்கப்பட்டபோது டில்லி பொறுக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் உதவிபெற்ற குடிபெயர்வுக்குத் தடை வந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. தடை தொழிலாளிக்கு நியாயம் செய்தது. ஏஜெண்டின் கையையோ காலியாக்கியது. இனி நிறுத்துவதற்குக் கப்பல் ஏது?

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் யாரையும் இடையில் வைக்காமல், வேலைநிறுத்தம் செய்து தாங்களே பேசினார்கள். ஆர்.எச். நாதன் தலைமையில் அவர்கள் கேட்டவற்றில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி இருந்தது. கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதும் இருந்தது. இந்தக் கடைசிக் கோரிக்கை எந்தச் சம்பளப் பேச்சுவார்த்தையிலும் அடங்காதது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அப்போது ஏஜெண்டாக இருந்தவர்களால் பார்க்கவும் எழுதவும் முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கரையிறங்கினர். அந்தப் பதவி மட்டுமல்ல, பேரரசே ஆட்டம் கண்டது.

போருக்குப் பின் சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.கே. செட்டூர் இந்தியப் பிரதிநிதியாக வந்தார். அவருக்குப்பின் 1947இல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் ஜான் திவி: ஆசாத் ஹிந்த் இயக்கத் தொடர்பால் பிரிட்டிஷாரின் சிறையில் இருந்தவர், 1946இல் உருவான மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவர். 1948இல் உருவான மலாயாக் கூட்டமைப்பு தனக்கென்று ஒரு குடியுரிமையைக் கொண்டுவந்தது. மலாயாக் குடிமகனாகிவிட்ட பால்வெட்டுக்காரருக்காக அயல்நாட்டுத் தூதர் பேச முடியாது. அந்த வேலை தொழிற்சங்கங்களிடம் போய்ச் சேர்ந்தது.