நூறு கிலோவுக்கு எந்த வண்டி?

புழல் காவாங்கரையிலிருந்து சூரப்பட்டு, கள்ளிக்குப்பம் வழியாக அம்பத்தூர் போகும் சாலையில் விடியற்காலை ஐந்தரைக்கு நின்றால் இரண்டு விதமான சைக்கிள்கள் கண்ணில் படும். ஒன்று கறுப்பு வண்டி. செயின் கவர், அகலமான கேரியர், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த சீட்டு. கேரியரில் கீரைக்கட்டோ டீ கேனோ இருக்கும். மிதிப்பவர் அறுபதைத் தாண்டியவர், ஒல்லி. இன்னொன்று பளபளவென்ற கியர் சைக்கிள். முன்னால் ஷாக் அப்சார்பர், சில வண்டிகளில் பின்னாலும் ஒன்று. மிதிப்பவருக்கு நாற்பது வயதிருக்கும், பனியன் துணி சட்டை வயிற்றில் இறுகியிருக்கும். சுகருக்கோ பிரஷருக்கோ டாக்டர் சொல்லி அனுப்பியவர்.

மூட்டை சுமக்கவென்றே செய்த வண்டியில் ஒல்லியான ஆள், எடை தாங்காத வண்டியில் கனத்த ஆள். இது தலைகீழ் ஏற்பாடு என்பது என் கட்சி. பழசின் மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. பழைய வண்டி தோற்கும் இடங்களும் உண்டு, அவற்றில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் யார் கனத்தவர் என்று பார்த்துவிடலாம். உடல் நிறை குறியீடு 25ஐத் தாண்டினாலே இந்தியர்களுக்கு அது உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் 2009இல் கூடி வகுத்தார்கள். உலக அளவில் அந்தக் கோடு 30. ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவாக, 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 68 கிலோவைத் தொட்டாலே கோட்டுக்கு வந்துவிட்டார். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது: நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர். ஆக, சைக்கிள் கடை வாசலில் தயங்கி நிற்கும் தொப்பைக்காரர் தனி ஆள் இல்லை.

நடந்தால் போதாதா, எதற்கு சைக்கிள்? முட்டிதான் காரணம். செயற்கை முட்டி பொருத்தியவர்களின் மூட்டுக்குள்ளேயே அளவுமானி வைத்து ஜெர்மனியில் கணக்கெடுத்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளை நிதானமாக மிதிக்கும்போது அது ஏறத்தாழ ஒன்றேகால் மடங்குதான். நூறு கிலோ ஆளுக்கு இது 250 கிலோவுக்கும் 125 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். எடையில் பெரும்பங்கைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. நடக்கப் போய் முட்டி வீங்கி மூலையில் உட்கார்ந்தவர்களுக்கு சைக்கிள் கைகொடுப்பது இதனால்தான். ஆனால் எலும்புக்கு உறுதி சேர்ப்பது நடை. அந்த வேலையை சைக்கிள் செய்யாது.

இனி வண்டிகளுக்கு வருவோம். கறுப்பு வண்டியின் ஊர் நமக்குப் பக்கத்து ஊர்தான். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஆலை போட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்துதான் தெருவுக்கு வந்தன. ஹெர்குலிஸ் என்பது 1910இல் பர்மிங்காமில் பிறந்த பெயர். வடிவமும் இங்கிலாந்துக்காரர்களுடையதே. ஆனால் இந்த வண்டியை நாம் பயன்படுத்திய விதத்தை அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். முன் பாரில் பிள்ளை, கேரியரில் மனைவி, ஹேண்டில் பாரில் இரண்டு பை. ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய் டின், கேஸ் சிலிண்டர், தண்ணீர் பஞ்ச காலத்தில் பக்கத்துக்கு இரண்டாகத் தொங்கிய பிளாஸ்டிக் குடங்கள். இதெல்லாம் சேர்ந்தால் 150 கிலோவுக்குக் குறையாது. அப்படி ஓடிய வண்டிக்குத் தனியாக ஏறும் நூறு கிலோ ஆள் ஒரு பாரமே இல்லை. புதுசாகக் கடையில் நிற்கும் கியர் வண்டிகள் பலவற்றுக்கும் கம்பெனிக்காரர்களே நூறு, நூற்றிப்பத்து கிலோ என்று எல்லை போட்டுத் தருகிறார்கள். அந்தக் கையேட்டைக் கடைக்காரரும் பிரிப்பதில்லை, வாங்குபவரும் பிரிப்பதில்லை.

சண்டை உண்மையில் பின் சக்கரத்தில்தான். கனத்தவர் உட்கார்ந்ததும் எடையில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் இறங்குகிறது. கறுப்பு வண்டியின் முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் எங்கே வரும் என்று தெரிந்து போட்ட கணக்கு. கியர் வண்டியில் பெரும்பாலும் இரண்டிலும் 36. நாலு கம்பிதானே என்று விட்டுவிடலாம். அடுத்த விஷயத்தை விட முடியாது. ஒற்றைப் பல்சக்கர வண்டியில் இரண்டு பக்கத்துக் கம்பிகளும் ஏறக்குறைய ஒரே சாய்வில் ரிம்மைப் பிடித்திருக்கும். ஏழு பல்சக்கரம் அடுக்கிய வண்டியில் அந்த அடுக்குக்கு இடம் விடுவதற்காக வலது பக்கக் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கம் விறைப்பு, மறுபக்கம் தொய்வு. ஒரு பள்ளத்தில் நூறு கிலோ இறங்கி எழுந்தால் முதலில் படக்கென்று போவது வலது பக்கக் கம்பிதான். இன்னொன்றும் உண்டு. மலிவு கியர் வண்டிகளில் பிரீவீல் அடுக்கு முழுவதும் பால்ரசுக்கு வெளியே நிற்கிறது. அதனால் வலது பக்கத்தில் அச்சு, தாங்கல் இல்லாமல் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். கனத்தவர் ஓட்ட ஓட்ட அது வளைகிறது. சக்கரத்தைக் கழற்றி அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தால் அதன் முனை ஆடி ஆடிச் சுழலும். பெண்டு எடுக்கக் கொண்டுபோனால், நல்ல மெக்கானிக் ரிம்மைத் தொடுவதற்கு முன்னால் அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்ப்பார். “ணா, இது ரிம் பெண்டு இல்ல, ஆக்சிலு பூட்சி” என்பார்.

ஷாக் அப்சார்பரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளம் மேடான ஊர், முதுகு தப்பிக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். விலை கூடிய வண்டிகளில் எடைக்குத் தக்கபடி அதைத் திருகி இறுக்கிக்கொள்ளலாம். நம் கடைகளில் அதிகம் விற்கும் வண்டிகளில் இருப்பது வெறும் ஸ்பிரிங். நூறு கிலோ ஏறியதுமே அது பாதி இறங்கிவிடும். பின்னாலும் ஷாக் இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி முங்கி எழும். மிதித்த பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்றுவிடும். உடற்பயிற்சிதானே, தின்றால் தின்னட்டும் என்று ஒருவர் வாதம் செய்தார். பதில் சொல்லச் சிரமமாகத்தான் இருந்தது.

உட்காரும் வாகிலும் கறுப்பு வண்டிக்கே என் ஓட்டு. கியர் வண்டியில் ஹேண்டில் தாழ்வு, ஆள் முன்னால் குனிய வேண்டும். தொப்பை உள்ளவர் குனிந்து மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொடை மேலே வந்து வயிற்றில் முட்டும். அதைத் தவிர்க்க அவரை அறியாமலே முட்டியை வெளிப்பக்கம் விரித்து மிதிப்பார். கொஞ்ச நாளில் முட்டியின் உட்பக்கம் வலிக்கும். உள்ளங்கையில் எடை இறங்கி விரல் மரத்துப்போகும். கறுப்பு வண்டியில் முதுகு நிமிர்ந்திருக்கும், தொடைக்கு இடம் கிடைக்கும், மூச்சும் அடைக்காது. நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை முழுக்கச் சீட்டில் இறங்கும். அதற்குத்தான் அந்த அகலமும் ஸ்பிரிங்கும். ஒரே தொல்லை ஏறுவதுதான். நடுவில் பார் இருப்பதால் காலைப் பின்னால் வீசி கேரியரைத் தாண்ட வேண்டும். இடுப்பு வளையாதவர்களுக்கு இது நடக்கிற காரியமில்லை. பார் இல்லாத லேடீஸ் வண்டி இவர்களுக்கு ரொம்ப நல்லது, ஆனால் எந்த ஆம்பளையிடம் சொல்லிப் பார்ப்பது?

சரி, கறுப்பு வண்டி தோற்கும் இடங்கள். செங்குன்றம் ஏரியிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்கு 1872இல் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோனபோது எந்த எந்திரமும் தேவைப்படவில்லை. நிலத்தின் சரிவே போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தச் சரிவு தண்ணீருக்குத்தான் தெரியும், முட்டிக்குத் தெரியாது. புழல், கதிர்வேடு, விநாயகபுரம், லட்சுமிபுரம் எல்லாம் மிதிப்பவனுக்குத் தட்டைத் தரைதான். இங்கே மலை என்றால் மேம்பாலம். நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏறும் ஒரு பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 120 கிலோ. கறுப்பு வண்டி ஒரு மிதிச்சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் அந்த 120 கிலோவை 20 சென்டிமீட்டர் தூக்கியாக வேண்டும். கியர் வண்டியில் ஆகக் குறைந்த கியருக்கு வந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு, தூக்குவது ஏழு சென்டிமீட்டர்தான். காலைக் காற்றில் சுழற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே ஏறிவிடலாம். கறுப்பு வண்டிக்காரர் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிப்பார், முட்டிக்குச் செய்த நன்மையெல்லாம் அந்த ஒரு ஏற்றத்தில் போய்விடும். அவருக்கு நான் சொல்வது, வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதும் பயிற்சிதான்.

இரண்டாவது தோல்விதான் நான் சொன்ன உயிர் விஷயம். பழைய வண்டியின் கம்பி பிரேக் இரும்பு ரிம்மைப் பிடிக்கிறது. காய்ந்திருக்கும்போது பரவாயில்லை. ஐப்பசி மழையில் நனைந்த முலாம் பூசிய ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். ஐம்பது கிலோ ஆளைவிட நூறு கிலோ ஆளை நிறுத்த இரண்டு மடங்கு வேலை. ஜி.என்.டி. ரோட்டிலும் மாதவரத்திலிருந்து மணலி போகும் சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எந்த நேரமும் ஓடுகின்றன. நாற்பதடி பெட்டியோடு ஒரு லாரி திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். ஓரத்தில் போகிறவரை டிரைவருக்குத் தெரியவே தெரியாது. அந்த இடத்தில் டிஸ்க் பிரேக் வைத்த வண்டியில் இருப்பவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கறுப்பு வண்டியை மழையில் வெளியே எடுக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். எந்த வண்டியானாலும் பெரிய ரோட்டை விட்டு உள் தெருக்களில் சுற்றுவதே மேல்.

விற்பனையில் அதிகம் பேசப்படுவது வண்டியின் எடை. ஆனால் கனத்தவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. கறுப்பு வண்டி 20 கிலோவுக்கு மேல், கியர் வண்டி 15 கிலோ பக்கம். மொத்தம் 120 கிலோவில் ஐந்தாறு கிலோ வித்தியாசம். தட்டைத் தரையில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்குக் காற்றும் டயர் உராய்வும்தான் எதிரிகள். டயரில் காற்று குறைந்திருந்தால் அந்த ஐந்து கிலோ மிச்சம் வாசலிலேயே கரைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும். கனத்தவர் அதன் மேல் எல்லையை ஒட்டி அடித்துக்கொள்ள வேண்டும், பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது.

எவ்வளவு கரையும் என்று கேட்பார்கள். நிதானமாக ஒரு மணி நேரம் மிதித்தால் நூறு கிலோ ஆளுக்குச் சுமார் 400 கலோரி. திரும்பி வரும் வழியில் ஒரு பிளேட் பொங்கல் வடையில் கணக்கு நேராகிவிடும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நெஞ்சு இறுக்கம் உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் கறுப்பு வண்டி ஜெயிப்பது எந்த விற்பனைத் தாளிலும் இருக்காது. பருமனானவர்கள் சைக்கிள் ஏறத் தயங்குவதற்கு முட்டியைவிடத் தெருவின் கண்கள்தான் பெரிய காரணம். டீக்கடை வாசலில் “இன்னா ணா, வண்டி தாங்குமா?” என்று ஒரு குரல் வந்தால் போதும், அடுத்த நாள் எழுந்திருக்கத் தோன்றாது. கியர் வண்டியும் ஹெல்மெட்டும் இறுக்கமான உடையும் போட்டு வந்தால் தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஈ.சி.ஆர். பக்கம் கும்பலாக மிதிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே அது சீருடை. புழலில் லுங்கியோ பேண்ட்டோ கட்டிக் கறுப்பு வண்டியில் கேரியரில் ஒரு பையோடு போனால், யாரோ பால் வாங்கப் போகிறார் என்று விட்டுவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், ஓவராயில் செய்த பழைய வண்டி ஒன்றை முதலில் வாங்கி ஓட்டலாம். மேம்பாலம் தாண்டி வேலைக்கே சைக்கிளில் போகிறவர், அல்லது முட்டி ஏற்கெனவே தேய்ந்தவர், கியர் வண்டிதான் வாங்க வேண்டும். ஆனால் ஷாக் இல்லாதது, நிமிர்ந்து உட்காரும்படி ஹேண்டில் உயர்ந்தது. எதுவானாலும் சீட்டு உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டை இறக்கி வைப்பது நம் ஊர் வழக்கம். முட்டி வலிக்குப் பாதிக் காரணம் அதுதான். குதிகாலைப் பெடலில் வைத்து அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும்; அந்த உயரம் போதும். முதல் நாளே ஏற்றாமல் வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏற்றினால் பயமும் தெளிந்துவிடும். புது வண்டியானால் இரண்டு மூன்று வாரம் ஓட்டியதும் கம்பிகள் இளகும், அதுவும் கனத்தவர் ஓட்டினால் சீக்கிரமே. அப்படியே ஓடவிட்டால் ஒவ்வொன்றாக அறுந்து கடைசியில் ரிம்மையே மாற்ற வைக்கும். இளகியதுமே கடைக்குக் கொண்டுபோய், பின் சக்கரத்தின் வலது பக்கக் கம்பிகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.